அலபாமாவின் 80ஆம் எண் நெடுஞ்சாலை

அலபாமா மாநிலத்தின் செல்மா என்ற சிறு நகரையும் தலைநகர் மாண்ட்கோமரியையும் இணைக்கும் 80ஆம் எண் நெடுஞ்சாலையின் நீளம் 54 மைல், ஏறக்குறைய 87 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டு இதே தூரத்தை நடந்தவர்களுக்கு ஐந்து நாள் பிடித்தது. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தப் பாதையைத் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தது. இங்கே வருகிற பயணிகளில் பெரும்பாலோர் செல்மாவின் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, வழியில் எங்கும் நிற்காமல் மாண்ட்கோமரிக்குப் போய்விடுகிறார்கள். இடையில் கிடக்கும், மாவட்டம் போன்ற பிரிவான லவுண்ட்ஸ் கவுண்டியில் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. சிறுபான்மையினர் அமெரிக்க அரசியலுக்குள் எப்படி நுழைந்தார்கள் என்று அறிய விரும்புபவர் பாலத்தைவிட அந்தக் கவுண்டியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

செல்மா, அலபாமா ஆற்றின் உயர்ந்த கரையில் அமைந்த ஊர். பருத்தி கொழித்த காலத்தின் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. கடைத்தெருவான பிராட் ஸ்ட்ரீட்டில் மூடிக் கிடக்கும் கடைகளும் உண்டு. 1960இல் சுமார் 28,000 பேர் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்போது 18,000க்கும் குறைவானவர்களே இருந்தனர். ஊரை ஒட்டி இருந்த கிரெய்க் விமானப்படைத் தளம் 1977இல் மூடப்பட்டதோடு வேலைவாய்ப்பும் சரிந்தது. 2023 ஜனவரி 12 அன்று வீசிய சூறாவளி மிச்சமிருந்த பல கட்டடங்களையும் சிதைத்துப் போட்டது.

வாக்குரிமைப் போராட்டம் இந்த ஊரில் மூண்டதற்குக் காரணம் 1901ஆம் ஆண்டின் அலபாமா அரசியல் சட்டம். கறுப்பின மக்களின் வாக்கைப் பறிப்பதே நோக்கம் என்று அதை இயற்றிய மாநாட்டில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி என்று சட்டம் வேலி மேல் வேலி போட்டது. கட்டாமல் விட்ட வருடங்களின் வரியும் சேர்ந்துகொண்டே போகும். 1900இல் ஒரு லட்சத்து எண்பதாயிரம் அளவில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1903இல் மூவாயிரத்துக்கும் கீழே போனார்கள். ஏழை வெள்ளையர் பலரும் இதே வலையில் அகப்பட்டு வாக்கை இழந்தார்கள். அதை இயற்றியவர்கள் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

செல்மாவைத் தலைநகராகக் கொண்ட டல்லஸ் கவுண்டியில் 1960களின் தொடக்கத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்கள் சுமார் 15,000 பேர். பட்டியலில் இருந்தவர்களோ சில நூறு பேர்தான். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள், முதல் திங்களும் மூன்றாம் திங்களும் திறந்திருக்கும். அந்த நாளில் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து நின்றால் வரிசை நகராது. நகர்ந்தாலும் பல பக்க விண்ணப்பம் காத்திருக்கும். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்து விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிப்பவர் பதிவாளரே. போதாக்குறைக்கு, ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒருவர் வந்து விண்ணப்பதாரருக்குச் சாட்சி சொல்ல வேண்டும். லவுண்ட்ஸ் போலக் கறுப்பர் ஒருவரும் பட்டியலில் இல்லாத கவுண்டியில் யார் வந்து சாட்சி சொல்வது? இதையெல்லாம் தாண்டிப் பதிந்தவரின் முதலாளிக்கு அன்று மாலையே செய்தி போய்விடும்.

இதை எதிர்த்து முதலில் நின்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். அமெலியா பாய்ன்டன் போன்றோர் டல்லஸ் கவுண்டி வாக்காளர் சங்கத்தின் வழியாகப் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்துவந்தார்கள். 1963இல் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் வந்தது அதற்கும் பிறகு, 1965 ஜனவரியில். அந்த ஜனவரி 22 அன்று நடந்த ஒரு சிறு ஊர்வலத்தை நூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. கறுப்பினப் பள்ளி ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஃபிரெடரிக் ரீஸ் தலைமையில் நீதிமன்றக் கட்டடத்துக்கு நடந்தனர். சிறையில் தள்ளினால் உதவும் என்று கையில் பல் துலக்கும் பிரஷ் எடுத்துச் சென்றார்கள். ஷெரீஃப் ஜிம் கிளார்க்கும் அவருடைய ஆட்களும் அவர்களைப் படிகளிலிருந்து தள்ளிவிட்டார்கள். வெள்ளையர் நடத்திய கல்வி வாரியத்திடம் சம்பளம் வாங்கியவர்கள் ஆசிரியர்கள். வேலை போகும் என்பதால் அதுவரை ஒதுங்கியே இருந்தவர்கள். வாத்தியார்களே தெருவில் இறங்கிவிட்டார்கள் என்றதும் ஊரில் மற்றவர்களுக்கும் பயம் விட்டுப்போனது.

ஊர்வலங்கள் புறப்பட்ட பிரவுன் சேப்பல் தேவாலயம் 1908இல் கட்டப்பட்டது. செங்கல் சுவர், இரட்டைக் கோபுரம். அங்கிருந்து பாலம் நடக்கும் தூரம்தான். ஆனால் பாலத்தை நோக்கி அவர்களை நடக்க வைத்தது செல்மாவுக்கு வெளியே, மேரியன் என்ற ஊரில் நடந்த ஒரு சாவு. 1965 பிப்ரவரி 18 இரவு அங்கே ஊர்வலத்தைக் கலைத்த மாநிலக் காவலர்களில் ஒருவர் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரைச் சுட்டார். வாக்காளர் பட்டியலில் சேரப் பலமுறை முயன்று தோற்றவர் ஜாக்சன். எட்டு நாள் கழித்து செல்மா மருத்துவமனையில் இறந்தார். அவர் சடலத்தையே சுமந்துபோய் ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் வாசலில் வைக்கலாம் என்று எழுந்த பேச்சுதான் மாண்ட்கோமரி நடைப்பயணமாக உருமாறியது. சுட்ட காவலர் 2010இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எட்மண்ட் பெட்டஸ் பாலம் 1940இல் திறக்கப்பட்ட எஃகு வளைவுப் பாலம். நகரத்துக் கரை மேடு, எதிர்க்கரை தாழ்வு; பாலத்தின் நடுப்பகுதி எழும்பி நிற்பதால் ஏறத் தொடங்குபவருக்கு மறுமுனை தெரியாது. 1965 மார்ச் 7 ஞாயிறன்று மாணவர் குழுவின் தலைவர் ஜான் லூயிஸும் கிங்கின் தோழர் ஹோசியா வில்லியம்ஸும் முன்னால் நடக்க, சுமார் 600 பேர் இருவர் இருவராக ஏறினார்கள். உச்சிக்கு வந்த பிறகே கீழே நெடுஞ்சாலையை மறித்து நின்ற மாநிலக் காவலர்களின் வரிசையும் ஷெரீஃபின் குதிரைப் படையும் கண்ணில் பட்டன. திரும்பிப் போக இரண்டு நிமிடம் கெடு விதித்த காவலர்கள் அது முடியும் முன்பே பாய்ந்தார்கள். கண்ணீர்ப் புகை, தடியடி, குதிரைக் குளம்பு. லூயிஸின் மண்டை உடைந்தது. அமெலியா பாய்ன்டன் நினைவிழந்து சாலையில் கிடந்த படம் உலகெங்கும் அச்சானது. அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சி, நாஜிக்கள் மீதான விசாரணையைச் சொல்லும் ‘ஜட்ஜ்மென்ட் அட் நூரெம்பர்க்’ திரைப்படத்தை நிறுத்திவிட்டு இந்தக் காட்சிகளைக் காட்டியது. எட்டு நாள் கழித்து, மார்ச் 15 அன்று, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் வாக்குரிமைச் சட்டம் கேட்டு உரையாற்றினார்.

பாலத்துக்குப் பெயர் தந்த பெட்டஸ் உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தளபதி. பின்னாளில் அமெரிக்க செனட்டர். கூ க்ளக்ஸ் கிளானின் அலபாமா தலைவராகவும் சொல்லப்படுபவர். அந்தப் பெயர் இன்னும் எஃகு வளைவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு லூயிஸின் பெயரை வைக்க வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்தது. 2015இல் அதை எதிர்த்து எழுதியவர்களில் லூயிஸும் ஒருவர். வரலாற்றை அதன் வடுக்களோடு வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் இறந்த பிறகு, 2020 ஜூலை 26 அன்று, உடலைக் குதிரை வண்டி ஒன்று இதே பாலத்தின் மேல் கடைசியாகச் சுமந்து சென்றது.

ஒவ்வொரு மார்ச் மாதமும் முதல் ஞாயிறன்று பாலத்தில் நினைவு நடை நடக்கிறது. ஜனாதிபதிகளும் வேட்பாளர்களும் தவறாமல் வந்துபோகிறார்கள். 2022இலும் 2024இலும் வந்த அன்றைய துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக்காரர். குடும்ப வேரைத் தாண்டி வேறொரு தொடர்பும் இதில் உண்டு. வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965இல், அக்டோபர் 3 அன்று, ஆசியர்களுக்குக் கதவடைத்திருந்த நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டமும் கையெழுத்தானது. இன்று அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் அந்தச் சட்டம் திறந்த வழியில் போனவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபாலும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானதை இந்தப் பாலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1975இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்ந்த திருத்தம் ஸ்பானிய மொழி பேசுவோர், ஆசியர், பழங்குடியினர் ஆகியோருக்கு அவரவர் மொழியில் வாக்குச்சீட்டும் உதவியும் பெறும் உரிமையைக் கொடுத்தது.

பாலத்தை இறங்கினால் சாலை கிழக்கே நீள்கிறது. நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் மார்ச் 17 அன்று, பாலத்தில் தடுக்கப்பட்ட நடைப்பயணத்துக்கு அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் விதித்தார்: சாலை இருவழியாகக் குறுகும் லவுண்ட்ஸ் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது. இப்போது சாலை நான்கு வழி. நடந்தவர்கள் இரவில் தங்கிய இடங்களைப் பெயர்ப்பலகைகள் காட்டுகின்றன: டேவிட் ஹால், ரோசி ஸ்டீல், ராபர்ட் கார்ட்னர் ஆகியோரின் பண்ணைகள். மூவரும் கறுப்பின நில உடைமையாளர்கள். சொந்த நிலம் இருந்ததால்தான் அவர்களால் இடம் கொடுக்க முடிந்தது. வாரத்துக்கு உழுதவர்கள் விரும்பியிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. மழையில் நனைந்த வயலில், கூடாரத்துக்குள் சேறு ஏறிய தரையில் படுத்து எழுந்து நடந்தார்கள். இந்த மண்ணைத் தமிழ் வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்: கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போல, மழையில் காலைப் பிடித்து இழுத்து வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்புக் களிமண். பருத்தி வளர்ந்தது இதில்தான். அடிமைகள் கொண்டுவரப்பட்டதும் இதற்காகத்தான்.

சாலையோர மேடு ஒன்றில் வயோலா லியூசோவின் நினைவுக் கல் நிற்கிறது. டெட்ராய்ட்டிலிருந்து வந்த வெள்ளையினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். நடைப்பயணம் முடிந்த மார்ச் 25 இரவு, ஊர்வலத்தினரைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது கிளான் ஆட்கள் துரத்தி வந்து சுட்டுக் கொன்றார்கள்.

லவுண்ட்ஸ் கவுண்டிக்கு ‘ரத்த லவுண்ட்ஸ்’ என்ற பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1965இல் மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பர். அந்த ஆண்டு தொடங்கியபோது வாக்காளர் பட்டியலில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. நிலத்தின் பெரும்பகுதி நூற்றுக்கும் குறைவான வெள்ளைக் குடும்பங்களிடம் இருந்தது. மார்ச்சில் ஜான் ஹியூலட் முதன்முதலாகப் பதிந்தவர்களுள் ஒருவரானார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானதும் மத்திய அரசின் பதிவாளர்கள் இங்கே வந்து அமர்ந்தார்கள். எழுத்தறிவுத் தேர்வு ஒழிந்தது. வரிசைகள் நீண்டன. நில முதலாளிகளின் பதிலடியும் உடனே வந்தது. பட்டியலில் பெயர் சேர்த்த வாரதாரர்களை நிலத்தை விட்டும் வீட்டை விட்டும் துரத்தினார்கள். 1965 டிசம்பரில், பெரிய சாலையின் ஓரம், கறுப்பினத்தவர் வாங்கிய சில ஏக்கர் நிலத்தில் கூடாரங்கள் எழுந்தன. ‘டென்ட் சிட்டி’ என்ற அந்த முகாமில் குடும்பங்கள் குளிரிலும் இரவு நேரத் துப்பாக்கிச் சூட்டிலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளின. அதே இடத்தில்தான் இன்று தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம் இருக்கிறது.

இந்த மையத்தில் நின்று படிக்க வேண்டியது சின்னத்தின் கதை. எழுத்தறியாத வாக்காளர்களுக்காகக் கட்சிகள் வாக்குச்சீட்டில் சின்னம் வைக்கும் வழக்கம் அலபாமாவிலும் இருந்தது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேலே ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்ற வாசகமே அச்சிடப்பட்டிருந்தது. 1966இல்தான் அதை எடுத்தார்கள். அந்தச் சேவலுக்குக் கீழே போய்ப் போட்டியிட முடியாது என்று ஹியூலட்டும், ஸ்டோக்லி கார்மைக்கேல் தலைமையில் வந்திருந்த மாணவர் அகிம்சைக் குழு இளைஞர்களும் தனிக் கட்சி தொடங்கினார்கள். லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு என்று பெயர், சின்னம் கருஞ்சிறுத்தை. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் உருவான ‘பிளாக் பேந்தர்’ கட்சி தன் பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டது இந்தக் கிராமப்புறத்திலிருந்துதான். துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியுமாக உலகம் அறிந்த அந்தப் படம், உண்மையில் பருத்திக் காட்டில் ஓட்டுக் கேட்ட ஒரு சின்னம்.

புதிய கட்சியின் முதல் வேலை வகுப்பெடுப்பதாக இருந்தது. ஷெரீஃப் என்ன செய்வார், கல்வி வாரியம் என்ன செய்யும், வரி மதிப்பீட்டாளரின் அதிகாரம் எதுவரை என்று படக்கதைப் புத்தகங்கள் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். பெரும் பண்ணைகளின் நிலத்துக்குக் குறைந்த மதிப்புப் போட்டு வரியைக் குறைப்பவர் அந்த மதிப்பீட்டாளர்தான். வரி குறைந்தால் கறுப்பினப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும். இந்தக் கணக்கு புரிந்த பிறகே மக்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வேட்பாளர்களில் பெரும்படிப்புப் படித்தவர் யாரும் இல்லை. 1966 நவம்பர் தேர்தலில் நிறுத்திய ஏழு பேரும் தோற்றார்கள். பண்ணையார்கள் தங்கள் கூலியாட்களை லாரியில் ஏற்றிவந்து எதிர்த்து வாக்களிக்க வைத்தார்கள். ஆனால் 1970இல் ஹியூலட் ஷெரீஃப் ஆனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். பக்கத்து டல்லஸ் கவுண்டியில் கணக்கு இன்னும் சீக்கிரம் தீர்ந்தது: 1966 மே மாதக் கட்சி முதனிலைத் தேர்தலிலேயே, புதிதாகப் பதிந்த ஆயிரக்கணக்கான கறுப்பின வாக்குகள் ஜிம் கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பின.

கவுண்டித் தலைநகர் ஹேன்வில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. இங்கே 1965 ஆகஸ்ட் 20 அன்று ஜொனாதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஒரு கடை வாசலில், தன்னோடு வந்த கறுப்பினப் பெண்ணைத் தள்ளிவிட்டுத் தான் குண்டை வாங்கினார். சுட்டவரை வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி விடுதலை செய்தது. சில மாதங்களில், 1966 பிப்ரவரியில், லவுண்ட்ஸ் ஜூரிகளில் கறுப்பரையும் பெண்களையும் விலக்கிவைத்தது செல்லாது என்று மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குச்சாவடிக்கு அடுத்தபடியாகக் குடிமக்கள் அரசில் பங்குபெறும் இடம் ஜூரி இருக்கை. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பதவிகள் கை மாறின. நிலமும் பணமும் அப்படி மாறவில்லை. அந்தக் கரிசல் களிமண் தண்ணீரை உள்ளே விடாது. செப்டிக் டேங்க் வைத்தால் மழைக்குக் கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். களிமண்ணுக்கு ஏற்ற அமைப்பின் செலவு ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாது. இதனால் பல வீடுகளில் குழாய் வழியாகக் கழிவு நேரே கொல்லையில் விழுகிறது. லவுண்ட்ஸ் மண்ணில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இதை நாடறிய வைத்தார். 2017இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவில் ஒழிந்துவிட்டதாக நம்பப்பட்ட கொக்கிப்புழுவின் தடயத்தை இங்கே கண்டது. 2021இல் மத்திய நீதித்துறை சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்கி, 2023இல் மாநில சுகாதாரத் துறையோடு உடன்பாடு கண்டது. 2025 ஏப்ரலில் புதிய நிர்வாகம் அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது.

மாண்ட்கோமரியின் எல்லையில் செயின்ட் ஜூட் கத்தோலிக்க வளாகம். நடந்தவர்களின் கடைசி இரவுத் தங்கல் இங்கேதான். ஹாரி பெலஃபான்டே, நினா சிமோன், டோனி பென்னட் எல்லோரும் வந்து பாடினார்கள். மறுநாள் சுமார் 25,000 பேராகப் பெருகிய கூட்டம் டெக்ஸ்டர் அவென்யூ வழியே மாநில அவைக் கட்டடத்தை அடைந்தது. தெருவின் மேட்டில் வெள்ளை மாடக் கட்டடம். அதன் வாசலில் பதித்த நட்சத்திரம் ஒன்று, 1861இல் ஜெஃபர்சன் டேவிஸ் தென்மாநிலக் கூட்டமைப்பின் ஜனாதிபதியாகப் பதவியேற்ற இடத்தைக் குறிக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கிங் பாதிரியாராக இருந்த தேவாலயம். இவ்வளவு நெருக்கமாக எதிரெதிர் வரலாறுகள் நிற்கும் தெரு அந்த நாட்டில் அபூர்வம். கிங் படிகளின் அடியில் ஒரு டிரக் மேல் நின்று பேசினார். ஆளுநர் வாலஸ் அன்று அவர்களைச் சந்திக்கவில்லை.

அந்தக் கட்டடத்துக்கும் வாக்குரிமைச் சட்டத்துக்கும் நடந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. 1965இல் ஏறத்தாழ 19 விழுக்காடாக இருந்த அலபாமா கறுப்பின வாக்காளர் பதிவு, 1967க்குள் 50 விழுக்காட்டைத் தாண்டியது. சட்டத்தின் உண்மையான பல் ஐந்தாம் பிரிவில் இருந்தது. பாகுபாட்டின் வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதி எதை மாற்றினாலும் முதலில் வாஷிங்டனின் அனுமதி பெற வேண்டும் என்றது அது. வழக்குப் போட்டு ஜெயிப்பதற்குள் தேர்தல் முடிந்துவிடும் என்பதால் இந்த முன் அனுமதி முறை அவசியமாக இருந்தது. 2013 ஜூன் 25 அன்று, அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், எந்த மாநிலங்களுக்கு இது பொருந்தும் என்று வகுத்த சூத்திரம் பழசாகிவிட்டதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தச் சூத்திரத்தை ரத்து செய்தது. பல் பிடுங்கியாயிற்று. 2014இல் அலபாமாவில் வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2015இல் மாநில அரசு, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, 31 ஓட்டுநர் உரிம அலுவலகங்களை மூட முடிவெடுத்தது. அடையாள அட்டையாகப் பெரும்பாலோர் காட்டுவது ஓட்டுநர் உரிமத்தைத்தான். மூடியவற்றில் பல கறுப்பினக் கவுண்டிகளில் இருந்தன. எதிர்ப்புக்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள் மட்டும் திறக்க ஒப்புக்கொண்டார்கள். மாதத்தில் சில நாள் மட்டும் திறக்கும் அலுவலகம் இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல.

அடுத்த சண்டை தொகுதி மறுவரையறையில். மக்கள்தொகையில் கால் பங்குக்கு மேல் கறுப்பர் இருந்தும், மாநிலத்தின் ஏழு தொகுதிகளில் ஒன்றே ஒன்றில்தான் அவர்கள் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. செல்மாவில் வளர்ந்த டெரி சீவல் 2011 முதல் பிரதிநிதியாக இருக்கும் தொகுதி அது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், பலரும் எதிர்பாராத வகையில், இந்த வரைபடம் வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை மீறக்கூடியது என்ற கீழ் நீதிமன்றத்தின் முடிவை ஏற்றது. மாநில அவை மறுபடியும் தன் விருப்பப்படியே வரைந்தது. நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டு வேறு வரைபடம் போட்டது. 2024 நவம்பரில் அந்தப் புதிய இரண்டாம் தொகுதியில் ஷோமாரி ஃபிகர்ஸ் வென்றார். அலபாமாவிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பினப் பிரதிநிதிகள் சென்றது அதுவே முதல் முறை.

1901 அரசியல் சட்டத்திலிருந்த இனவாத வாசகங்கள் செல்லாக்காசாகிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ஏட்டில் அப்படியே இருந்தன. கலப்புத் திருமணத் தடையை நீக்க 2000இல் நடந்த வாக்கெடுப்பில் பத்தில் நால்வர் எதிர்த்து வாக்களித்தார்கள். பள்ளிப் பாகுபாட்டையும் தலைவரியையும் பற்றிய வரிகளை எடுக்க 2004இல் நடந்த வாக்கெடுப்பு மயிரிழையில் தோற்றது, 2012இலும் நிறைவேறவில்லை. 2022 நவம்பரில்தான் மக்கள் வாக்களித்து, அந்த வரிகள் நீக்கப்பட்ட புதிய தொகுப்பை ஏற்றார்கள். ஆனால் அதிகாரத்தை மாண்ட்கோமரியில் குவித்து வைத்த 1901இன் கட்டுமானம் அதில் மாறவில்லை. லவுண்ட்ஸ் போன்ற ஒரு கவுண்டி தன் ஊர் விஷயங்கள் பலவற்றுக்கு இன்றும் அந்த மேட்டுக் கட்டடத்தில் ஒரு சட்டம் நிறைவேறக் காத்திருக்க வேண்டும்.